இரண்டெழுத்துச் சொல்லுக்கு வேர் தேடுவது எப்படி

ஜெர்மனிலிருந்து மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. முதல் புத்தகத்தில் பெருமையாக ஓர் அடிக்குறிப்பு போட்டேன்: ஜெர்மன் 'ஹாபன்', லத்தீன் 'ஹாபேரே' இரண்டுக்கும் 'வைத்திருத்தல்' என்றே பொருள், இரண்டும் உடன்பிறந்தவை. ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று, வேறென்ன சாட்சி வேண்டும்? புத்தகம் வந்த மூன்றாம் வாரம் ஒரு வாசகரின் அஞ்சலட்டை வந்தது. ஒரே வரி: "இரண்டு பக்கமும் 'ஹ' எப்படி இருக்க முடியும்?"

அந்த வரி புரிய எனக்கு ஒரு கோடைக்காலம் பிடித்தது. உங்களுக்கு ஒரு மாலை போதும்.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள். அதில் ஐரோப்பியச் சொற்களை அந்தந்த மொழியின் எழுத்திலேயே எழுதுங்கள். தமிழில் எழுதினால் 'பழம்' என்பதன் பகரமும் 'அம்பு' என்பதன் பகரமும் ஒரே எழுத்தாகிவிடும். க, த இரண்டிலும் இதே கதைதான். நமக்கு வேண்டிய தடயமோ சரியாக அந்த வித்தியாசத்தில்தான் ஒளிந்திருக்கிறது. நான் ஏமாந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்துச் சொன்ன ஒலிமாற்றத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆங்கிலம், ஜெர்மன், ஸ்வீடிஷ் முதலியவை அடங்கிய ஜெர்மானியக் கிளையில், பழைய வல்லின ஒலிகள் வரிசையாக இளகின. லத்தீன் 'பாதெர்' ஆங்கிலத்தில் 'ஃபாதர்'. லத்தீன் 'கோர்னு' (கொம்பு) 'ஹார்ன்'. 'கானிஸ்' (நாய்) 'ஹவுண்ட்'. அதாவது லத்தீனில் 'க' இருந்தால் அந்தப் பக்கம் 'ஹ' வரவேண்டும். லத்தீனில் 'ஹ' இருந்தாலோ, அந்தப் பக்கம் 'கங்கை'யின் முதல் எழுத்துப் போன்ற மெல்லிய 'க' வரும்: 'ஹோஸ்திஸ்', 'கெஸ்ட்'.

இப்போது என் அடிக்குறிப்பைப் பாருங்கள். 'ஹாபன்' சொல்லுக்கு லத்தீனில் 'க'வில் தொடங்கும் உறவு வேண்டும். இருக்கிறது: 'காபெரே', பிடித்தல். 'ஹாபேரே'வை அகராதிக்காரர்கள் ஜெர்மன் 'கேபன்' (கொடுத்தல்) பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். ஒன்று பிடிக்கிறது, மற்றது கொடுக்கிறது. நான் இரண்டையும் ஒரே தொட்டிலில் போட்டிருந்தேன். ('காபெரே'யின் பழப் பகரம் 'ஹாபன்' சொல்லில் ஏன் அம்புப் பகரம் ஆனது என்று கேட்பவர்களுக்கு: அது லத்தீனுக்கும் ஜெர்மனுக்கும் பொதுத் தாயான ஆதிமொழியில் அழுத்தம் விழுந்த இடத்தைப் பொறுத்தது. டென்மார்க்கின் கார்ல் வெர்னர் 1870களில் கண்டுபிடித்தார்.)

ஆகவே, இரண்டு கிளைகளில் ஒரு சொல் அச்சு அசலாக ஒத்திருந்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஆங்கில 'மச்', ஸ்பானிய 'முச்சோ': உறவில்லை, பின்னது லத்தீன் 'முல்துஸ்' வழி வந்தது. ஆங்கில 'டே', லத்தீன் 'தியேஸ்': இல்லை. லத்தீன் 'தெயுஸ்', கிரேக்க 'தியோஸ்', இரண்டும் கடவுள்தான்: அதுவும் இல்லை. சொல் குட்டியாக ஆக, தற்செயலாக ஒத்துப்போவது சுலபம்.

மூன்றாவது, இன்றைய உருவத்தை விட்டுவிட்டுக் கிடைக்கும் மிகப் பழைய உருவத்துக்குப் போங்கள். நம் ஆட்கள் அடிக்கடி நீட்டும் 'எட்டு–எயிட்' ஜோடியே போதும். பழைய ஆங்கிலத்தில் அது 'எயஹ்தா', லத்தீனில் 'ஒக்தோ'. நடுவில் ஒரு 'க்' இருந்து தேய்ந்தது, அதன் எலும்புதான் ஆங்கில எழுத்தில் ஊமையாகக் கிடக்கும் அந்த இரண்டு எழுத்து. நம் எட்டுக்குள் இருப்பது 'எண்'. எண்பது, எண்ணூறு என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். இரண்டு நதிகள், ஒரே நிறத் தண்ணீர்.

ஆமாம், இல்லை போன்ற சொற்களில் கூடுதல் கவனம். கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆமாம். எல்லைக்கு அந்தப் பக்கம் பல்கேரியாவில் 'நே' என்றால் இல்லை. போலந்துக்காரர் பேச்சில் 'நோ' என்றால் ஆமாம் என்று தலையாட்டுகிறார் என்று பொருள். இத்தாலியக் கவிஞர் தாந்தே லத்தீன்வழி மொழிகளை ஆமாம் சொல்லும் விதத்தை வைத்தே பிரித்தார்: 'ஒக்', 'ஒயில்', 'சி'. பிரான்சின் லாங்க்தொக் பகுதியின் பெயரில் அந்த 'ஒக்' இன்றும் இருக்கிறது.

என் நோட்டில் எனக்குப் பிடித்த பக்கம் 'ஓ'. பிரெஞ்சில் 'ஓ' என்றால் தண்ணீர். ஸ்வீடிஷில் 'ஓ' என்றால் சிற்றாறு. நார்வேயின் லோஃபோதென் தீவுகளில் அந்த ஒற்றை எழுத்தையே பெயராகக் கொண்ட ஒரு கிராமம் இருக்கிறது. சூடுபட்ட பூனையாக, தற்செயல் என்று எழுதித் தள்ளிவிட்டேன். பிறகு பழைய உருவங்களைத் தேடினேன். பிரெஞ்சுச் சொல் லத்தீன் 'அக்வா'விலிருந்து தேய்ந்தது. ஸ்வீடிஷ் சொல்லின் பழைய உறவு, கோத்திக் என்ற பழைய ஜெர்மானிய மொழியின் பைபிளில் 'அஹ்வா'. 'க' இருந்த இடத்தில் 'ஹ'! கிரிம் சொன்ன அதே கணக்கு. நிஜ உடன்பிறப்புகள், தனித்தனி வழியில் தேய்ந்து ஒரே 'ஓ'வில் வந்து நின்றிருக்கின்றன.

ஆங்கில 'ஐலண்ட்' சொல்லின் முதல் பாதியும் இந்தத் தண்ணீர்க் குடும்பம்தான். அதில் ஊமையாக நிற்கும் 'எஸ்' மட்டும் வேற்றாள். 'ஐல்' என்ற வேறொரு சொல்லை, லத்தீன் 'இன்சுலா' வழி வந்ததை, உறவென்று தப்பாக நினைத்து 16ஆம் நூற்றாண்டில் நுழைத்துவிட்டார்கள். என் அடிக்குறிப்பை இரண்டாம் பதிப்பில் எடுத்தாயிற்று. அந்த 'எஸ்' இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.