குரங்கும் கறண்டும்: குறும்பதிவுகளை எண்ணிப் பார்ப்பது எப்படி?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 11.30 அளவில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறையில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்றார் அமைச்சர். அன்று குவிந்த குறும்பதிவுகளை யாழ்ப்பாணத்தில் இருந்தபடி எண்ணிப் பார்த்தேன். செய்த விதம் இது.

படி 1: பொதுப் பதிவுகளை மட்டும் எடுங்கள். நேரமும் வாசகமும் போதும். பெயர்ப் பத்தியை அழித்துவிடுங்கள். என் தேர்வு மாஸ்டடன், புளூஸ்கை என்ற குறும்பதிவுத் தளங்கள். எக்ஸ் தளம், நிரல் வழியாகப் பதிவுகளை எடுக்கும் இலவச வாசலை 2023இலேயே அடைத்துவிட்டது.

படி 2: எடுத்த பதிவுகளில் நேரம் உலகப் பொது நேரமாக (யூடிசி) இருக்கும். அதோடு ஐந்தரை மணி கூட்டுங்கள். மறந்தால் குரங்கு காலை ஆறு மணிக்கே வேலையைக் காட்டியதாகத் தெரியும்.

படி 3: இங்கேதான் எனக்கு இரண்டு இரவுகள் போயின. ‘போச்சு’ என்று தேடினால், கண்முன்னே இருக்கும் பதிவுகள்கூடச் சிக்கவில்லை. ‘ோ’வை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ‘ே’, ‘ா’ என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு. பைத்தான் நிரல்மொழியின் யூனிகோட்டேட்டா தொகுதியில் இதைச் சீராக்கும் நார்மலைஸ் என்ற கட்டளை இருக்கிறது. எல்லாவற்றையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள், தேடும் சொல்லையும் சேர்த்து. அதை மாற்ற மறந்ததில்தான் இரண்டாம் இரவு போனது.

கரண்ட், கறண்ட், கரன்ட், கறன்ற் எல்லாவற்றையும் பட்டியலில் போடுங்கள். ‘மின்தடை’ என்று மட்டும் தேடினால் செய்தித்தளங்களின் மனநிலைதான் கிடைக்கும்.

(பின்சேர்க்கை: ‘ௌ’ குறிக்குப் பதில் ‘ெ’ போட்டு ‘ள’வைத் தட்டுகிறவர்களை ஒரு வாசகர் நினைவூட்டினார். என்எஃப்சி இதைத் திருத்தாது. சொல் சொல்லாக மாற்றுங்கள். மொத்தமாக மாற்றினால் ‘வெள்ளம்’ ‘வௌ்ளம்’ ஆகிவிடும்.)

படி 4: லிபர்ஆபிஸ் கல்க் என்ற விரிதாள் மென்பொருளில் மணிவாரியாக எண்ணுங்கள். ஆர்வம் எப்போது ஏறியது என்பது தெரிந்துவிடும்.

படி 5: பதிவின் மனநிலையை அறிய, நல்ல சொல், கெட்ட சொல் என்று எண்ணும் சொற்பட்டியலை நான் நம்புவதில்லை. “அருமை, ஒரு குரங்குக்கு நாடே நின்றுவிட்டது” என்பதை அது மகிழ்ச்சிக் கணக்கில் எழுதும். இருநூறு பதிவுகளைக் கண்ணால் படித்து, கோபம், கிண்டல், தகவல், கவலை என்று பிரியுங்கள். மறுநாள் அதே இருநூறையும் பழைய விடையைப் பார்க்காமல் மீண்டும் பிரியுங்கள். விடைகள் அதிகம் மாறினால் உங்கள் வகைகள் தெளிவாக இல்லை.

என் வரைபடத்தில் மாலையில் இரண்டாவது மேடு ஒன்று எழுந்தது. ஊரின் கோபம் என்று குறித்து வைத்தேன். திறந்து படித்தால் பலர் டொரன்டோக்காரர்கள். இங்கே மின்சாரம் போனபோது அங்கே இரவு ஒரு மணி. விடிந்து எழுந்ததும் கேட்டிருக்கிறார்கள்: “அங்கே கறண்ட் வந்துவிட்டதா? அம்மாவின் தொலைபேசி வேலை செய்யவில்லை.”