கொடைக்கானல்ல ஃப்ரீ ஸ்டே ஆஃபர் வந்தா எப்படி டீல் பண்றது

ட்ராவல் ரிவ்யூ எழுதுற உங்களுக்கு ரிசார்ட்காரங்க "ரெண்டு நாள் ஃப்ரீயா தங்குங்க, நல்லதா எழுதுங்க"ன்னு மெசேஜ் போட்டா உடனே ஸ்வெட்டர எடுத்து வைக்காதீங்க. மொதல்ல வாட்ஸ்அப்லயே கேட்ருங்க, குறை இருந்தா அதையும் போடுவேன், போடுறதுக்கு முன்னாடி உங்களுக்கு காட்ட மாட்டேன், சரியா? இழுத்தாங்கன்னா விட்ருங்க, அவங்களுக்கு வேண்டியது விளம்பரம்.

ஃப்ரீயா தங்கினத முதல் வரியிலயே சொல்லணும், ஹேஷ்டேக் கூட்டத்துக்குள்ள ஒளிச்சு வைக்கிறதெல்லாம் பித்தலாட்டம். 2023 ஜனவரில நுகர்வோர் விவகாரத் துறை விட்ட வழிகாட்டுதல்லயும் இலவச ட்ரிப், தங்குறதுன்னு எது வாங்கினாலும் வெளிப்படையா சொல்லணும்னு இருக்கு, மக்கள ஏமாத்துற விளம்பரம்னா 10 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம்.

அங்க போனா உங்களுக்கு தர்றது கண்டிப்பா பள்ளத்தாக்கு வியூ ரூம்தான் (பின்ன, சமையல்கட்டு பக்கத்து ரூமையா தருவாங்க), அதனால இருக்கறதுலயே கம்மி வாடகை ரூம காட்டச் சொல்லுங்க, காலைல ஆறு மணிக்கு அந்த ரூம்ல சுடுதண்ணி வருதா, ஹீட்டருக்கு தனி காசா, ஏரில இருந்து எவ்ளோ தூரம், கடைசி ரோடு சின்ன கார் ஏறுமான்னு பாருங்க. காசு குடுத்து தங்கினவங்ககிட்டயும் பேசுங்க. வாடகைய சீசன் ரேட், ஆஃப் சீசன் ரேட் ரெண்டும் போடுங்க, வண்டில மேல வர்றவங்க இ-பாஸ் (ஆன்லைன்ல வாங்குற அனுமதி) எடுக்கணும்ங்கறதையும் சேர்த்துருங்க.