டோக்கியோவின் உள்வட்ட விரைவுச்சாலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவின் மையப் பகுதியைச் சுற்றி ஓடும் உள்வட்ட விரைவுச்சாலையை வழிகாட்டிப் பலகைகள் ‘சி1’ என்று குறிக்கின்றன. பேரரசரின் அரண்மனை, டோக்கியோ ரயில் நிலையம், கின்சா கடைவீதி ஆகிய எல்லாம் இந்த வளையத்துக்குள் அடங்கிவிடும். முழுச் சுற்றும் 15 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். ஜப்பானிலும் நம் ஊரைப் போலவே இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள் என்பதால், இங்கு வேலைக்கு வந்து உரிமம் பெற்ற தமிழர்கள் பலர் இந்தச் சாலையில் தயக்கமின்றி ஏறிவிடுகிறார்கள். ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் வரும் குழப்பத்துக்குக் காரணம் ஓட்டத் தெரியாமை அல்ல, இதை மற்ற விரைவுச்சாலைகளைப் போன்றது என்று எண்ணிக்கொள்வதே.

இந்தச் சாலை உருவான கதையைத் தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் தாமாகவே விலகும். இதன் முதல் பகுதி, கியோபாஷிக்கும் ஷிபௌராவுக்கும் இடைப்பட்ட சுமார் 4.5 கிலோமீட்டர், 1962 டிசம்பரில் திறக்கப்பட்டது. வளையம் முழுமையடைந்தது 1967-இல். 1964 ஒலிம்பிக் போட்டிக்கு முன் நகரத்தில் சாலைகள் வேண்டும் என்ற அவசரத்தில், நெரிசலான நகரில் நிலம் வாங்கக் காலமில்லாமல், ஆறுகளின் மீதும் கால்வாய்களின் மீதும் தூண்களை நட்டுப் பாலமாகவே இதைக் கொண்டுபோனார்கள். ஆகவே இதன் வளைவுகளில் பல, ஆறு வளைந்த வளைவுகள். கின்சாவை ஒட்டிய பகுதியில் சுகிஜி ஆற்றின் நீரை வற்றச் செய்து அதன் படுகையிலேயே சாலை போட்டிருக்கிறார்கள். இரு பக்கமும் உயர்ந்து நிற்கும் சுவர்கள் பழைய ஆற்றங்கரைகள், தலைக்கு மேல் குறுக்கே செல்பவை அந்த ஆற்றைக் கடந்த பாலங்கள். அந்தப் பாலங்களைத் தாங்கும் தூண்கள் சில இடங்களில் ஒரே திசையில் செல்லும் இரண்டு தடங்களுக்கும் நடுவில் எழுந்து நிற்கின்றன. முதல் முறை வருபவர் தூணைக் கண்டதும் பிரேக்கை அழுத்துகிறார் அல்லது கடைசி நொடியில் தடம் மாறப் பார்க்கிறார். இரண்டுமே ஆபத்தானவை. இருக்கும் தடத்திலேயே சீராகச் சென்றால் தூணின் எப்பக்கம் போனாலும் அதே சாலையில்தான் இருப்போம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்ட பின் அதைச் சரிசெய்ய முயல்வது. ஒவ்வொரு திசையிலும் பெரும்பாலும் இரண்டே தடங்கள், ஒதுங்கி நிற்க ஓரம் என்று சொல்லத்தக்க இடமும் இல்லை, அடுத்த பிரிவு சில நூறு மீட்டரில் வந்துவிடும். இந்த நிலையில் பிரிவு முனையில் வண்டியை நிறுத்தி யோசிப்பதும், வெள்ளைக் கோடுகளைத் தாண்டிக் குறுக்கே பாய்வதும் பின்னால் வருபவரின் உயிரோடு விளையாடுவதாகும். தவறவிட்டால் தவறவிட்டதுதான் என்று மேலே செல்லுங்கள். இது வளையம் அல்லவா, நெரிசல் இல்லாத வேளையில் இருபது நிமிடத்துக்குள் அதே இடத்துக்குத் திரும்ப வந்துவிடலாம். கட்டணம் கூடிவிடுமோ என்ற அச்சமும் வேண்டாம். இடிசி என்னும் மின்னணுச் சுங்க முறையில் செல்வோருக்கு, நுழைந்த வாயிலுக்கும் இறங்கிய வாயிலுக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய வழியைக் கணக்கிட்டே பணம் எடுக்கப்படுகிறது. பக்கத்தில் அமர்ந்து ‘இங்கேதான் திரும்பணும், திரும்புங்க’ என்று பதறுபவருக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

நேராகப் போய்க்கொண்டிருந்தால் வளையத்திலேயே இருப்போம் என்று நம்புவது அடுத்த தவறு. எதோபாஷி சந்திப்பில் ஆற்றின் மேல் கிழக்கு நோக்கி வருபவருக்கு நேராகத் தெரியும் வழி 6-ஆம் எண் சாலைக்குப் போய்விடும். வளையத்தில் தொடர விரும்புபவர்தான் பிரிந்து தெற்கே திரும்ப வேண்டும். மியாகேசாக்கா சந்திப்போ சுரங்கத்துக்குள்ளேயே பிரிகிறது, அங்கே ஜிபிஎஸ் தடுமாறுவது இயல்பு. இதற்கு ஒரு எளிய கைப்பிடி உண்டு. நகரை விட்டு வெளியே செல்லும் ஆரச்சாலைகளில் 1 முதல் 5 வரையிலானவை தெற்கிலிருந்து கடிகாரச் சுற்றில் வரிசையாக வருகின்றன: ஹமாசாகிபாஷியில் 1, இச்சினோஹாஷியில் 2, தனிமாச்சியில் 3, மியாகேசாக்காவில் 4, தாகேபாஷியில் 5. கடிகாரச் சுற்றில் செல்லும் வெளிப்பக்கச் சாலையை ‘சோத்தோமவாரி’ என்றும், எதிர்ச்சுற்றில் செல்லும் உட்பக்கச் சாலையை ‘உச்சிமவாரி’ என்றும் சொல்வார்கள். நாம் எந்தச் சுற்றில், எந்த எண்ணைக் கடந்து, எந்த எண்ணுக்குப் போகிறோம் என்பதை வண்டியை எடுக்கும் முன்பே மனத்தில் எழுதிக்கொண்டால், திரையைப் பார்க்காமலே பலகையைப் படித்துச் செல்ல முடியும்.

வலப்பக்கத் தடம் வேகத்தடம், அங்கே நிம்மதியாக இருக்கலாம் என்று எண்ணுபவர்களும் ஏமாறுகிறார்கள். இடம் கிடைத்த பக்கத்தில் நுழைவழிகளை அமைத்ததால், சில இடங்களில் வண்டிகள் வலப்பக்கத்திலிருந்து வந்து சேர்கின்றன, சில இடங்களில் வலப்பக்கமாகவே இறங்குகின்றன. வேக வரம்பு பெரும்பகுதியில் மணிக்கு 50 கிலோமீட்டர். மற்றவர்கள் விரைகிறார்கள் என்று நாமும் விரைந்தால், வளைவுக்கு அப்பால் நெரிசலின் கடைசி வண்டி நிற்பதைக் காணும்போது காலம் கடந்திருக்கும்.

சுங்கவாயிலில் நேரும் தவறு பெரும்பாலும் வாடகை வண்டியில்தான். ஃபாஸ்டேக் போலக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் போதும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். இங்கே வண்டியிலுள்ள கருவிக்குள் இடிசி அட்டையைத் தனியே செருக வேண்டும். அட்டை இல்லாவிட்டால் தடுப்புக்கோல் எழாது. ரொக்கம் ஏற்காத, இடிசிக்கு மட்டுமான வாயில்கள் 2022 முதல் பெருகிவருகின்றன. தவறி நுழைந்துவிட்டால் பின்னோக்கி வரக் கூடாது. உதவிக்கென்று குறிக்கப்பட்ட தடத்தில் நின்று, அங்குள்ள ஒலிபெருக்கியின் வழியே ஊழியர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு இந்த வளையத்துக்குள் வர அனுமதி இல்லை, 125 சிசிக்கு மேற்படாத வண்டிகள் ஏறவே கூடாது.

நகரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகிறவர் சி1-க்குள் வரவேண்டிய தேவையே இல்லை. சுமார் 47 கிலோமீட்டர் நீளமுள்ள சி2 என்னும் நடுவட்டச் சாலை 2015 மார்ச்சில் முழுமையடைந்தது மையத்துக்கு வேலையில்லாத வண்டிகளுக்காகத்தான். வரைபடத்தில் தூரம் குறைவாகத் தெரிகிறது என்பதற்காக உள்வட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர், மிச்சப்பட்ட கிலோமீட்டர்களை நெரிசலில் நின்று செலவழிக்கிறார்.

பழைய வரைபடத்தை நம்புவதும் இப்போது முன்னைவிடப் பெரிய தவறாகிவிட்டது. நிஹோன்பாஷியில் 1911-ஆம் ஆண்டுக் கற்பாலம் ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால், விளக்குத் தூண்களில் அமர்ந்திருக்கும் வெண்கலச் சிறகு விலங்குகளுக்கு மேல் வானம் தெரியாது, இந்த விரைவுச்சாலையின் அடிவயிறுதான் தெரியும். அந்த வானத்தை மீட்பதற்காகச் சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கும் வேலை நடக்கிறது. அதற்காக எதோபாஷி, கோஃபுகுபாஷி வாயில்கள் 2021 மே மாதத்திலேயே நிரந்தரமாக மூடப்பட்டன. கின்சாவைச் சுற்றி இந்த வளையத்தோடு இணைந்திருந்த, கட்டணமில்லாத கேகே சாலையும் 2025 ஏப்ரலில் வண்டிகளுக்கு மூடப்பட்டு, நடைபாதையாக மாறிக்கொண்டிருக்கிறது. சுரங்கம் 2035-இலும், கற்பாலத்துக்கு மேலே செல்லும் பழைய விரைவுச்சாலையை அகற்றும் பணி 2040-இலும் முடியும் என்பது திட்டம். அதுவரை இந்தப் பகுதியில் வழிகள் மாறக்கூடும் என்பதால், வண்டியிலுள்ள பழைய வழிகாட்டிக் கருவியின் வரைபடம் எந்த ஆண்டுக்குரியது என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.