ஓசூர்ப் பட்டறையில் இடுப்பு மாற்று மூட்டு: மத்திய உரிமம் பெறும் வழி

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒருவர் இடுப்பு மாற்று மூட்டு செய்ய நினைத்தால், முதலில் இயந்திரத்தைப் பற்றித்தான் பேசுவார். ஐந்து மைக்ரானுக்குள் நிறுத்துகிறோம், டைட்டானியமும் ஓட்டிப் பார்த்துவிட்டோம், அப்புறம் என்ன என்பார். அந்தத் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த உரிமத்துக்கான கோப்புகளைத் தயாரித்துக் கொடுக்கும் வேலையில் நான் கண்ட வரை, கடைசல் சரியில்லாமல் நின்றுபோன விண்ணப்பங்கள் குறைவு. மூட்டில் தொடை எலும்புக்குள் இறங்கும் இந்தத் தண்டு எந்த உலோகக் கம்பியிலிருந்து வந்தது என்ற கேள்விக்குக் காகிதத்தில் பதில் இல்லாமல் நின்றவையே அதிகம்.

சட்டத்தின் நிலை இது. எலும்பியல் உள்வைப்புகள் 2005 அக்டோபரிலேயே மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டுவிட்டன. 2018 ஜனவரி 1 முதல் மருத்துவச் சாதன விதிகள், 2017 நடைமுறையில் உள்ளன. அவை சாதனங்களை ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. இடுப்பு மாற்று மூட்டு சி வகுப்பில் வருகிறது. ஏ, பி வகுப்புகளுக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே உரிமம் கொடுத்துவிடும். சி, டி இரண்டுக்கும் டெல்லியில் உள்ள மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புதான் கொடுக்க வேண்டும். ஆகவே சென்னைக்கு அலைந்து முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேறொரு உரிமதாரரின் தொழிற்சாலையைப் பயன்படுத்தித் தம் பெயரில் தயாரிக்க விரும்புவோர் எம்.டி-8 படிவத்தில் விண்ணப்பித்து எம்.டி-10 என்ற கடன் உரிமம் பெறலாம். சொந்தப் பட்டறையிலேயே செய்வோருக்கு விண்ணப்பம் எம்.டி-7, உரிமம் எம்.டி-9. இனி வருவதெல்லாம் இவர்களுக்காக.

ஓசூரில் எந்தப் புது வேலையும் சாம்பிள் போட்டுக் காட்டுவதில்தான் தொடங்கும். இங்கே அந்தப் பழக்கமே முதல் தவறாகிவிடும். சோதனைக்கென்று சிறு எண்ணிக்கையில் செய்வதற்கும் தனி உரிமம் உண்டு, எம்.டி-12 படிவத்தில் விண்ணப்பித்து எம்.டி-13 கைக்கு வந்த பிறகு செய்த துண்டுகளைத்தான் சோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முந்தைய தேதியில் கடைந்த துண்டின் சோதனை அறிக்கையைக் கோப்பில் வைத்தால், அந்த அறிக்கையே உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும்.

அடுத்து முடிவு செய்ய வேண்டியது, எந்தச் சாதனத்துக்குச் சமம் என்று சொல்லப் போகிறோம் என்பது. முழு இடுப்பு மூட்டில் நான்கு பாகங்கள் உண்டு: தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, அதன் கழுத்தில் அமரும் உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் பொருத்தும் கிண்ணம், கிண்ணத்துக்குள் உட்காரும் பாலிஎத்திலீன் லைனர். இவை ஒவ்வொன்றும், பயன்பாட்டிலும் உலோகத்திலும் வடிவமைப்பிலும், இந்தியாவில் முன்பே அனுமதி பெற்ற ஒரு முன்னோடிச் சாதனத்தை ஒத்திருக்கின்றன என்று காட்ட முடிந்தால், மனிதர்களிடம் புதிதாக ஆய்வு நடத்தும் தேவை பொதுவாக எழாது. ஒத்திராவிட்டால் எம்.டி-22 படிவத்தில் தொடங்கும் மருத்துவ ஆய்வு, அதன் பின் தயாரிப்பு அனுமதிக்கான எம்.டி-26 விண்ணப்பம் என்று பாதை நீளும்; சிறு நிறுவனத்துக்கு அது தாங்காது. எனவே தொடங்குகிறவர்கள் எலும்புச் சிமென்ட் வைத்துப் பொருத்தும் எளிய தண்டு, கோபால்ட்-குரோம் தலை, பாலிஎத்திலீன் லைனர் என்ற பழைய சேர்க்கையோடு நிற்பது நல்லது என்பேன். தண்டின் மேல் புதுமாதிரிப் பூச்சு, புதுக் கோணம் என்று ஆசைப்படுவதை இரண்டாம் விண்ணப்பத்துக்கு ஒத்திவைக்கலாம்.

சமம் என்று எழுதுவது எளிது. அதன் ஆபத்தை ஏ.எஸ்.ஆர். மூட்டின் கதை காட்டுகிறது. டிபியூ நிறுவனத்தின் அந்த உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டில் ஏ.எஸ்.ஆர். எக்ஸ்.எல். என்ற வகைக்கு, முன்பிருந்தவற்றுக்குச் சமம் என்ற அடிப்படையில்தான் 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உரசலில் கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்பட்டதை இங்கிலாந்தின் மூட்டுப் பதிவேடு வெளிக்கொண்டுவந்தது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் அது திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகளில் அந்த மூட்டு பொருத்தப்பட்டிருந்தது. ஆகவே ஒப்பீட்டு அட்டவணையை எழுதும்போது எவையெவை ஒத்திருக்கின்றன என்பதோடு நிறுத்தாமல், எங்கே வேறுபடுகிறோம், அந்த வேறுபாடு ஏன் தீங்கு செய்யாது, அதற்கு எந்தச் சோதனை சான்று என்று வரிக்கு வரி எழுத வேண்டும். தலையின் விட்டம், கிண்ணத்தின் ஆழம், கழுத்தின் கோணம் ஆகிய மூன்றுக்கும் நான் தனிப் பத்தி ஒதுக்குவது வழக்கம்.

இனி அந்தக் கம்பி. டைட்டானியக் கலவைக்கு ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர அமைப்பின் 5832-3, அடித்துருவாக்கிய கோபால்ட்-குரோமுக்கு 5832-12, பாலிஎத்திலீனுக்கு 5834 என்ற தரங்கள் உள்ளன. விற்பவர் மில் சான்றிதழ், அதாவது உலோக ஆலையின் தரச் சான்று, தருவார். அதில் ஹீட் எண், அதாவது ஒரே முறை உருக்கிய உலோகத்துக்குத் தரும் எண், இருக்கும். அதே எண் கம்பியின் ஒரு முனையில் குத்தப்பட்டிருக்கும். நான் பார்த்த ஒரு பட்டறையில் ரம்பத்தில் நின்ற பையன், கம்பியை எடுத்ததும் எண் இருந்த முனையையே முதலில் அறுத்தான். அந்தத் துண்டு தண்டாகிப் போனது. மிச்சக் கம்பி எண் இல்லாமல் ரேக்குக்குத் திரும்பியது, பக்கத்தில் அதே பருமனில் வேறொரு ஹீட் கம்பி கிடந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்று. நிறமாலைமானி வைத்துப் பார்த்தாலும் டைட்டானியக் கலவை என்றுதான் சொல்லும். எந்த ஹீட் என்று சொல்லாது. கடைசியில் அந்தப் பட்டறை இரண்டு கம்பிகளையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. எண் இல்லாத முனையிலிருந்தே அறுக்க வேண்டும், அறுத்த ஒவ்வொரு துண்டிலும் உடனே எண் எழுத வேண்டும், துண்டோடு போகும் வேலை அட்டையான ஜாப் கார்டில் அந்த எண் ஏறாமல் துண்டு லேத்துக்குப் போகக்கூடாது என்ற மூன்று விதிகளை ரம்பத்தின் மேலேயே தமிழில் ஒட்டி வைத்தால் போதும். ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் பேசும் தொழிலாளர்களும் இருப்பதால் அந்த மொழிகளிலும் ஒட்டலாம். ஆனால் கோப்பில் உள்ள ஆங்கில மூலத்துக்கு உரிய ஆவண எண்ணும் திருத்த எண்ணும் எல்லாப் பிரதிகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சோதனைகளில் காலத்தைத் தின்பவை இரண்டு. முதலாவது சோர்வுச் சோதனை. ஐ.எஸ்.ஓ. 7206-4இன்படி தண்டின் உடற்பகுதியை 2.3 கிலோநியூட்டன் சுமையில் 50 லட்சம் தடவையும், 7206-6இன்படி கழுத்துப் பகுதியை 5.34 கிலோநியூட்டன் சுமையில் 1 கோடி தடவையும் அழுத்துவார்கள். பின்னது கழுத்தின் மேல் ஏறத்தாழ 544 கிலோ எடையை ஏற்றி இறக்குவதற்குச் சமம். விநாடிக்கு பத்து தடவை என்று ஓட்டினாலும் ஒரு துண்டுக்குப் பதினொன்றரை நாள் ஆகும். எல்லா அளவுகளையும் சோதிக்க வேண்டியதில்லை. மிக மெலிந்த தண்டையும் மிக நீண்ட கழுத்துள்ள தலையையும் சேர்த்த, முறிய அதிக வாய்ப்புள்ள சேர்க்கையைத் தேர்ந்தெடுத்து, அதைத் தேர்ந்ததற்கான கணக்கையும் கோப்பில் இணைக்க வேண்டும். இரண்டாவது தேய்மானச் சோதனை. ஐ.எஸ்.ஓ. 14242இன்படி 37 டிகிரியில், கன்று ரத்தத்தின் சீரத்துக்குள் தலையும் லைனரும் 50 லட்சம் சுழற்சி உரச வேண்டும். விநாடிக்கு ஒன்று வீதம் நிறுத்தாமல் ஓடினாலே 58 நாள். இடையிடையே நிறுத்தி, கழுவி, லைனரை எடை பார்ப்பதையும் சேர்த்தால் மூன்று மாதத்தை ஒதுக்கிக்கொள்ளலாம்.

தலையும் தண்டும் சேரும் கூம்பில்தான் ஓசூரின் கைத்திறமைக்கு உண்மையான வேலை இருக்கிறது. கூம்பின் இரு முனை விட்டங்களை வைத்து 12/14 என்று எல்லோரும் ஒரே பெயர் சொன்னாலும், கூம்பின் கோணமும் பரப்பின் சொரசொரப்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் நம் தண்டில் வேறொருவரின் தலையைப் பொருத்தக் கூடாது என்பதைப் பயன்பாட்டுக் குறிப்பில் தெளிவாக எழுதிவிட வேண்டும்.

உடலுக்கு ஒவ்வுமா என்பதை ஐ.எஸ்.ஓ. 10993 வரிசைப்படி பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இந்தச் சோதனைகளைச் செய்கிறார்கள். அங்கே அனுப்ப வேண்டியது கம்பித் துண்டு அல்ல. கடைந்து, மெருகேற்றி, கழுவி, கிருமி நீக்கி, உறையிட்ட இறுதிப் பொருள். கடையும்போது ஊற்றும் கூலன்ட் எண்ணெயின் மிச்சம் கூம்பின் அடியில் ஒட்டியிருந்தால் அதைக் கண்டுபிடிப்பதும் இந்தச் சோதனையின் நோக்கம்தான்.

லைனரைக் காமாக் கதிரால் கிருமி நீக்கும்போது உறைக்குள் காற்று இருக்கக்கூடாது. ஆக்சிஜன் பட்டால் பாலிஎத்திலீன் நாளடைவில் உளுத்துப் போகும். கிருமி நீக்கலுக்கு ஐ.எஸ்.ஓ. 11137, உறைக்கு 11607. ஆயுட்காலம் பொதுவாக 60 மாதத்துக்கு மேல் போகாது. ஐந்தாண்டு கேட்பவர்கள் உறையை 55 டிகிரி சூட்டில் வைத்து, ஐந்தாண்டுப் பழமையை விரைவாக வரவைத்துப் பார்ப்பார்கள். கிடங்கில் 25 டிகிரியில் இருக்கப்போகும் பொருளுக்கு இந்தச் சோதனை ஏழரை மாதம் பிடிக்கும். இதை முதல் மாதமே தொடங்காதவர்கள் கடைசியில் இதற்காகவே காத்திருப்பார்கள்.

ஆட்கள் விஷயத்தில் ஓசூருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தயாரிப்புக்கும் சோதனைக்கும் பொறுப்பேற்கும் பட்டதாரிக்கு மருத்துவச் சாதனத் துறையில் குறைந்தது 2 ஆண்டு அனுபவம் வேண்டும். வாகனத் தொழிற்சாலையில் பதினைந்து ஆண்டு தரக்கட்டுப்பாடு பார்த்தவருக்கு எவ்வளவு விவரம் தெரிந்திருந்தாலும், அந்த ஆண்டுகள் இந்தக் கணக்கில் வராது. இதைத் தெரியாமல் சொந்தக்காரப் பையனின் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டுப் பிறகு ஆள் தேடியவர்கள் உண்டு.

இவை கையில் இருந்தால், விதிகளின் நான்காம் அட்டவணை கேட்கும் தொழிற்சாலைக் கோப்பையும் சாதனக் கோப்பையும் தொகுத்து இணையவழியே விண்ணப்பிக்கலாம். இரண்டாம் அட்டவணைப்படி கட்டணம் இடத்துக்கு 50,000 ரூபாய், சாதனம் ஒன்றுக்கு 1,000 ரூபாய். மற்றச் செலவுகளோடு பார்த்தால் இது சில்லறை. அதன்பின் ஆய்வுக் குழு வரும். ஐந்தாம் அட்டவணையின் தர மேலாண்மை முறைப்படி பட்டறை நடக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஸ்டோரில் முடிந்த ஒரு தண்டைக் கையில் எடுத்து, அதில் பொறித்த பேட்ச் எண்ணைச் சொல்லி, பின்னோக்கிக் காட்டுங்கள் என்பார்கள்: உறையிட்டவர் யார், கழுவிய தொட்டியின் தண்ணீர் அறிக்கை எங்கே, கூம்பை அளந்த கருவியின் அளவுத்திருத்தச் சான்று எந்தத் தேதி வரை, கம்பியின் ஹீட் எண் என்ன. ஆய்வுக்கு ஒரு வாரம் முன்பு நீங்களே மூன்று தண்டுகளை எடுத்து, கைக்கடிகாரம் வைத்துக்கொண்டு இந்தப் பயணத்தைச் செய்து பாருங்கள். ஒரு தண்டுக்கு அரை மணிக்கு மேல் ஆனால் கோப்புகள் அடுக்கியிருக்கும் முறையை மாற்ற வேண்டும்.

உரிமம் வந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் செலுத்திவந்தால் அது தொடரும். ஆய்வாளர்கள் குறிப்பெழுத எம்.டி-11 என்ற பதிவேடு பட்டறையிலேயே இருக்க வேண்டும். எதிர்பாராத கடுமையான பாதிப்பு ஏதும் நேர்ந்தது தெரியவந்தால், தெரிந்த 15 நாளுக்குள் உரிமம் தந்த அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். மூலப்பொருள், கிருமி நீக்கும் முறை, ஆயுட்காலம் போன்றவற்றை மாற்றுவது பெரிய மாற்றம். முன் அனுமதி வாங்காமல் செய்யக்கூடாது. சிறிய மாற்றத்தை 30 நாளுக்குள் தெரிவித்தால் போதும். விலை குறைவு என்று வேறு தரத்துக் கம்பிக்கு மாறுவது இதில் எந்த வகை என்று சில வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் கேட்பார்கள். கம்பி வந்து இறங்கிய பிறகு அல்ல, ஆர்டர் போடுவதற்கு முன்பே கேளுங்கள்.