ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் பெயர் போதாது: பேஸ் கிட்டார் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம், என்னிடம் பேஸ் கற்க வரும் கல்லூரி மாணவன் ஒருவன் கைப்பேசியை நீட்டினான். "அண்ணா, ஃபெண்டர் கிடைத்துவிட்டது. 40,000 ரூபாய். இன்று மாலைக்குள் பணம் அனுப்பாவிட்டால் வேறு யாரோ எடுத்துக்கொள்வார்களாம்." இருந்தது ஒரே ஒரு படம். அதிலும் கம்பிகளை முறுக்கும் மேல்முனையான ஹெட்ஸ்டாக் மட்டும்தான் தெரிந்தது. எந்த மாடல், எந்த நாட்டில் செய்தது, எந்த ஆண்டு என்று கேட்டேன். "ஃபெண்டர் அண்ணா" என்றான் மறுபடியும், கம்பெனியின் பெயரை மட்டும்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2008-இல் நானும் இப்படித்தான் நின்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கம்பி துருப்பிடித்திருக்கிறதா, கேபிள் சொருகும் ஜாக் ஆடுகிறதா என்பதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். கண்ணில் படாத தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பெயரை மாடல் என்று எண்ணுவது

நான் அப்போது ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாணக் கச்சேரிக்கு 600 ரூபாய் கிடைக்கும். ஃபெண்டரின் 1978-ஆம் ஆண்டு ஜாஸ் பேஸ் மாடல் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, 70,000 ரூபாய் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். சேமிப்பு போதவில்லை. அம்மாவின் வளையல்கள் இரண்டு அடகுக் கடைக்குப் போயின.

போய்ப் பார்த்தேன். ஹெட்ஸ்டாக்கில் ஃபெண்டர் என்று சரியான எழுத்துருவில் இருந்தது. அதற்குக் கீழே எஸ்8 என்று தொடங்கும் வரிசை எண். எஸ் என்றால் எழுபதுகள், 8 என்றால் 1978 என்று எங்கோ படித்திருந்தேன். அந்த ஒரு துணுக்கை வைத்துக்கொண்டு எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பினேன். இருபது நிமிடம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் தடவிப் பார்த்துவிட்டு, ஆம்ப்பில்கூட இணைக்காமல், பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, கழுத்துப் பகுதியான நெக்கில் குறுக்காகப் பதித்த ஃபிரெட் பட்டைகள் சிலவற்றில் கம்பி உரசுகிறது என்று பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் அதை வாங்கியதும் முதலில் குப்புறத் திருப்பினார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "தம்பி, நெக்கைப் பிடித்திருக்கும் இந்தத் தகட்டில் எத்தனை திருகுகள் இருக்கின்றன?"

"நான்கு."

"1978 ஜாஸ் பேஸ் என்றால் மூன்றுதான் இருக்க வேண்டும்."

விஷயம் அவ்வளவுதான். எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை ஜாஸ் பேஸின் நெக்கை மூன்று திருகுகளால்தான் பொருத்தினார்கள். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான ட்ரஸ் ராடைத் திருப்பும் முனை ஹெட்ஸ்டாக் பக்கம் துப்பாக்கித் தோட்டா வடிவில் துருத்திக்கொண்டிருக்கும். ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரசிஷன் பேஸில் அதே ஆண்டுகளில் நான்கு திருகுகள் உண்டு, ஜாஸ் பேஸில் இல்லை. என் பேஸில் மூன்று திருகுகளும் இல்லை, தோட்டா முனையும் இல்லை. எதையும் கழற்ற வேண்டியதில்லை, திருப்பிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். வளையல்களை மீட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. திருப்பிப் பார்க்காமல் விட்டேனே என்ற எரிச்சல் இன்றைக்கும் தீரவில்லை.

அவர் கட்டுப்பாட்டுத் தகட்டைத் தூக்கிக் காட்டினார். குமிழ்களுக்கு அடியில் இருந்து ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாட்கள் 25 பைசா நாணயத்தைவிடச் சிறியவை. அந்தக் கால ஃபெண்டரில் அவை பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குப் பெரியவை. முதுகில் எண்ணும் அச்சாகியிருக்கும். உதாரணமாக 1377812 என்று இருந்தால், 137 என்பது சிடிஎஸ் நிறுவனத்தைக் குறிக்கும், 78 ஆண்டு, 12 வாரம். அதாவது அந்தப் பாட் செய்யப்பட்டது 1978-இன் 12-ஆம் வாரம். பாட்களை மொத்தமாக வாங்கி வைத்துப் பயன்படுத்துவார்கள் என்பதால், கிட்டார் அதற்குச் சற்றுப் பிந்தியதாக இருக்கலாம். பழைய பாட் மாற்றப்படாதவரை, முந்தியதாக இருக்க முடியாது. என் பேஸின் பாட்களில் எந்த எண்ணும் இல்லை.

அடுத்து அளவுநாடாவை எடுத்தார். எழுபதுகளின் ஜாஸ் பேஸில், கம்பியின் அதிர்வை மின்னாக மாற்றும் பிக்கப்கள் இரண்டில் பின்னதை, கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகே நகர்த்திவிட்டார்கள். அறுபதுகளின் அமைப்போடு ஒப்பிட்டால் இரண்டு பிக்கப்களுக்கும் இடையே ஏறக்குறைய 1 செ.மீ. இடைவெளி கூடுதல். என்னுடையதில் இருந்தது அறுபதுகளின் இடைவெளி. பிக்கப்பைத் தூக்கினால் அடியில் அடுக்கடுக்காக ஒட்டிய பலகை. ஆக, நெக் ஓரிடத்திலிருந்து வந்தது, பாடி இன்னோரிடத்திலிருந்து வந்தது, பெயர் ஒட்டுப்படமாக மூன்றாவது இடத்திலிருந்து வந்தது. "12,000 ரூபாய் பெறும்" என்றார்.

இந்த ஏமாற்று ஏன் இவ்வளவு எளிது என்று பின்னால்தான் புரிந்தது. லியோ ஃபெண்டர் 1951-இல் பிரசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது, நெக்கைப் பசையால் ஒட்டாமல் திருகுகளால் பொருத்தினார். கெட்டுப்போனால் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய வசதி. அந்த வசதியால்தான் எந்த நெக்கையும் எந்தப் பாடியோடும் சேர்க்க முடிகிறது. எண் பொறித்த தகடும் பெயர் ஒட்டுப்படமும் தனியாகவே விலைக்குக் கிடைக்கின்றன. 1976 வரையிலான ஃபெண்டர்களில் வரிசை எண் இருப்பது பெரும்பாலும் அந்தத் தகட்டில்தான். நான்கு திருகுகளைக் கழற்றினால் "ஆண்டு" கையோடு வந்துவிடும்!

எனவே, விற்பவரிடம் ஹெட்ஸ்டாக்கின் முன்பக்கம், பின்பக்கம், நெக் தகடு, கட்டுப்பாட்டுத் தகட்டின் அடிப்பக்கம், முடிந்தால் நெக்கைக் கழற்றி அதன் அடிமுனை என்று தனித்தனியாகப் படங்கள் கேளுங்கள். அந்த அடிமுனையில்தான் பல தொழிற்சாலைகள் தேதியை முத்திரையிடுகின்றன. பழைய, விலை உயர்ந்த கருவி என்று சொல்லி விற்பவர் இவற்றைக் காட்டத் தயங்கினால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். இவை எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று மாறினாலும் விலை மாற வேண்டும்.

இதே தவற்றைத் தலைகீழாகவும் செய்திருக்கிறேன். அதே 2008-இல், ஓய்வுபெறப்போகும் ஒரு பேஸ் கலைஞர், ஃபெண்டரின் மலிவான துணைப் பெயரான ஸ்குவையரில் வந்த தன் பேஸை 15,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். ஸ்குவையர்தானே, ஆரம்பநிலைக்காரர்களுக்கானது என்று ஒதுக்கினேன். அதன் வரிசை எண் ஜேவி என்று தொடங்கியது. 1982-இல் ஃபெண்டர் ஜப்பானில் உற்பத்தியைத் தொடங்கியபோது வந்த முதல் வரிசை அது. அமெரிக்கத் தொழிற்சாலையின் அப்போதைய தரத்தோடு தயக்கமின்றி ஒப்பிடக்கூடிய கருவிகள். பெயர் சிறியது என்று அதை விட்டேன், பெயர் பெரியது என்று இதை வாங்கினேன். இரண்டையும் ஒரே கண்ணால்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரே முகம், வேறு பேஸ்

புதிதாக வாங்குபவர்களுக்கும் அடையாளம் காண்பதில் சிக்கல் உண்டு. யமஹாவின் டிஆர்பிஎக்ஸ்174, டிஆர்பிஎக்ஸ்304 இரண்டையும் தள்ளி நின்று பார்த்தால் அண்ணன் தம்பிபோல் இருக்கும். முதலாவது பேட்டரி இல்லாத பாஸிவ். பிரசிஷன் வகைப் பிக்கப் ஒன்றும் ஜாஸ் வகைப் பிக்கப் ஒன்றும் கொண்டது. இரண்டாவது பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ், அதன் இரண்டு பிக்கப்களும் இரைச்சலைக் குறைக்கும் ஹம்பக்கர் வகை. ஒலியும் வேறு, விலையும் வேறு. கடையில் ஒன்றை வாசித்துப் பார்த்துவிட்டு, மலிவாக இருக்கிறதே என்று இணையத்தில் மற்றொன்றை வாங்கிவந்த இருவரை எனக்குத் தெரியும். மாடல் எண்ணை முழுதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசிஷனா, ஜாஸா?

இதில் தவறு என்பது, தன் கையைக் கேட்காமல் யாரோ ஒரு நட்சத்திரத்தின் கையைப் பார்த்து முடிவெடுப்பது. ஜாஸ் பேஸின் நெக் மேல்முனையில் ஏறக்குறைய 38 மி.மீ. அகலம். பிரசிஷன் பேஸ் அதைவிட அகலம். சில மாடல்களில் 44 மி.மீ. வரை போகும். இந்தச் சில மில்லிமீட்டர்கள் முதல் மூன்று ஃபிரெட்களில் இடக்கை விரல்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஒலியிலும் இரண்டும் வேறு. பிரசிஷனில் 1957-இலிருந்து இருப்பது இரண்டாகப் பிளந்த ஒரே பிக்கப். தடித்த, நடுவில் உட்காரும் ஒலி, டிரம்ஸோடு ஒட்டிக்கொள்ளும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்கள். பின் பிக்கப்பைக் கூட்டினால் ஒலி கூர்மையாகி முன்னால் வரும். இளையராஜாவின் பாடல்களில் வருவதுபோல் பேஸ் இன்னொரு குரலாக நகர வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஜாஸ் பேஸின் நெக் ஓடுவதற்கு வசதியானது என்பது என் அனுபவம். தேவாலயத்தில் ஞாயிறுதோறும் பாடல் குழுவைத் தாங்கிப் பிடிப்பதற்கு, ஒரு நல்ல பிரசிஷனைவிட நம்பகமான ஒன்றை நான் வாசித்ததில்லை. முடிவெடுக்க முடியவில்லையா? இரண்டு வகைப் பிக்கப்பும் உள்ள பிஜே பேஸை வாங்குங்கள். முதல் பேஸுக்கு அதுவே என் தேர்வு.

நெக்கை விட்டுவிட்டு நிறத்தைப் பார்ப்பது

சென்னை போன்ற கடலோர ஊர்களில் மரம் சும்மா இருப்பதில்லை. ஈரம் ஏறி இறங்கும்போது நெக் வளையும், நிமிரும். அதைச் சரிசெய்யத்தான் உள்ளே ட்ரஸ் ராட் இருக்கிறது. பழைய பேஸ் வாங்கும்போது தடித்த ஈ (E) கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழு, எட்டாம் ஃபிரெட்களின் மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. கூடுதலாக இருந்தால், அல்லது கம்பி ஃபிரெட்களில் ஒட்டிக்கொண்டால், ட்ரஸ் ராட் திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அது கடைசிவரை இறுக்கப்பட்டு நின்றுவிட்டால் அந்த நெக்குக்கு ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். இரண்டும் இணையாக ஓட வேண்டும். முறுக்கியிருந்தால் ட்ரஸ் ராடால் ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு அழகான பேஸாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

கைப்பேசிக் காணொளியை நம்பித் தேர்ந்தெடுப்பது

திறந்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி அந்த ஆழத்தைத் தொடவே முடியாது. நீங்கள் கேட்பது மேற்சுரங்களை மட்டும். இரண்டு பேஸ்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால், குறைந்தது நல்ல ஹெட்ஃபோனாவது வேண்டும். நேரில் என்றால், பேஸ் ஆம்ப்பில் இணைத்து, எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துக் கேளுங்கள். பேஸின் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு இருந்தால் பாட் அழுக்காக இருக்கிறது. அது சின்னப் பழுது, விலை பேசுவதற்கு உதவும்.

உட்கார்ந்தே வாசித்துப் பார்ப்பது

பட்டையை மாட்டி எழுந்து நில்லுங்கள். கையை எடுங்கள். ஹெட்ஸ்டாக் தரையை நோக்கிச் சாய்ந்தால், கச்சேரி முழுவதும் இடக்கை அதைத் தூக்கிக்கொண்டே இருக்கும். கிப்சனின் தண்டர்பேர்ட் வடிவத்தில் இது அடிக்கடி நேரும். 4.5 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் உங்கள் தோளிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஐந்து கம்பி

முதல் பேஸுக்கு வேண்டாம்.

ஃபிரெட்லெஸ் (ஃபிரெட் இல்லாத பேஸ்)

இரண்டாவது பேஸாக வாங்குங்கள்.

ஆக்டிவ் பேஸ்

வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்குங்கள்; சொருகியே இருந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

"இன்று மாலைக்குள்"

என் மாணவன் அன்று மாலை பணம் அனுப்பவில்லை. படங்கள் கேட்டான். இரண்டு நாட்கள் கழித்து வந்தன. ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் எம்இசட்4 என்று தொடங்கும் எண்: மெக்சிகோவின் என்செனாடா தொழிற்சாலை, 2004-ஐ ஒட்டிய காலம். நெக்கின் அடிமுனையிலும் 2004 முத்திரை. நான்கு திருகுகள், பிளந்த பிக்கப் ஒன்று. பிரசிஷன் பேஸ், எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தின. நேரில் போய் நெக்கைப் பார்த்தோம், நேராக இருந்தது. தொனிக் குமிழ் மட்டும் கரகரத்தது. அதைச் சொல்லிப் பேசி 36,000 ரூபாய்க்கு முடித்தான். வீட்டுக்கு வரும் வழியில், இது என்ன பேஸ் என்று பஸ்ஸில் யாரோ அவனைக் கேட்டார்கள். நாடு, ஆண்டு, மாடல் மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் கம்பெனியின் பெயரைச் சொன்னான்.