ஓய்வூதியர் காப்பீட்டு அட்டையை ஏற்கும் மருத்துவரை மதுரையில் கண்டுபிடிப்பது எப்படி?

சென்ற தை மாதம் அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது மேலூர் வீட்டில் கைப்பிடி இல்லாமல் படியேறுகிறார். அப்பா வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. 2022-இல் தொடங்கிய திட்டப்படி அதில் மாதந்தோறும் 497 ரூபாய் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடித்தார்கள். பணம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அந்த அட்டையை எந்த டாக்டரிடம் நீட்டுவது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. இன்னொரு வீட்டில் அந்த ஆறு வாரம் ஆறு நாளாகக் குறைய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்கும் குடும்ப ஓய்வூதியர்களுக்கும் உரிய திட்டம் பற்றியது. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும், மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கும் வழி வேறு.

முதல் படி: டாக்டரைத் தேடாதீர்கள்

நான் செய்த முதல் தவறு இதுதான். திட்டம் அங்கீகரிப்பது மருத்துவமனையை; டாக்டரை அன்று. பட்டியலில் டாக்டர் பெயரைத் தேடினால் கிடைக்காது. நம் ஊரில் பல டாக்டர்கள் மாலையில் கே.கே.நகரிலோ அண்ணாநகரிலோ சொந்த கிளினிக்கில் உட்காருகிறார்கள். பகலில் இரண்டு மூன்று மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். எனவே உங்களுக்கு நம்பிக்கையான டாக்டரிடம் போய், "நீங்கள் எந்தெந்த மருத்துவமனையில் ஆபரேஷன் செய்கிறீர்கள், டாக்டர்?" என்று கேளுங்கள். சொல்கிற பெயர்களை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். கிளினிக்கில் கட்டும் ஆலோசனைக் கட்டணம் கைப்பணம்தான்; புறநோயாளியாகப் பார்ப்பதற்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை.

இரண்டாம் படி: பட்டியல்

அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளின் பட்டியலை நிதித்துறை அரசாணையின் இணைப்பாக வெளியிடுகிறது. காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்திலும் மாவட்ட வாரியாகப் பார்க்கலாம். 2022-இல் தொடங்கிய திட்டத்தை யுனைடெட் இந்தியா நிறுவனம் ஏற்று நடத்தியது. 1.7.2022 முதல் 30.6.2026 வரை நான்கு ஆண்டுகளுக்கு வகுத்த திட்டம் அது. புதிய நான்காண்டு தொடங்கும்போது பிடித்தம், நிறுவனம், பட்டியல் எல்லாமே மாறக்கூடும். 2018-இல் தொடங்கிய திட்டத்தில் பிடித்தம் 350 ரூபாய்தான். ஆகவே வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை நம்பாதீர்கள். எனக்கு வந்தது பழைய திட்டத்தின் பட்டியல்.

மூன்றாம் படி: எந்தப் பிரிவுக்கு அங்கீகாரம்?

இந்தப் படியில்தான் நாங்கள் விழுந்தோம். நகருக்குள் உள்ள ஒரு மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இருந்தது. அம்மாவைப் பார்த்த டாக்டரும் அங்கே அறுவைச் சிகிச்சை செய்பவர். தொலைபேசியில் கேட்டேன். "காப்பீடு உண்டு, வாருங்கள்" என்றார்கள். துணிப்பை, ஃபிளாஸ்க், போர்வை எல்லாம் எடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு அம்மாவை அழைத்துப் போனோம். இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "உங்கள் அட்டைக்கு இங்கே இதயமும் சிறுநீரகமும் மட்டும்தான். எலும்பு மூட்டுப் பிரிவு கிடையாது" என்றார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது, "உனக்குத்தான் லீவு வீணாகிவிட்டது" என்று மட்டும் சொன்னார். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

பட்டியலில் மருத்துவமனையின் பெயருக்கு நேராக எந்தெந்தச் சிகிச்சைப் பிரிவுகள் என்று இருக்கும். அந்த வரியை விரல் வைத்துப் படியுங்கள். உங்களுக்கு வேண்டிய பிரிவு அதில் இல்லை என்றால் அந்த மருத்துவமனை உங்களைப் பொறுத்தவரை பட்டியலில் இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. "காப்பீடு உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் "உண்டு" என்றுதான் பதில் வரும். அவர்கள் மனத்தில் இருப்பது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமாக இருக்கலாம், தனியார் பாலிசியாக இருக்கலாம். "தமிழ்நாடு அரசு ஓய்வூதியர் காப்பீடு" என்று முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

நான்காம் படி: நேரில் போங்கள்

தொலைபேசி எடுப்பவர் ஒருவர், கோப்பைப் பார்ப்பவர் வேறொருவர். நோயாளியை வீட்டிலேயே விட்டுவிட்டு, நீங்கள் மட்டும் ஒரு வேலை நாள் முற்பகலில் காப்பீட்டு கவுன்டருக்குப் போங்கள். அட்டையின் நகலைக் காட்டி, இன்ன டாக்டர், இன்ன அறுவைச் சிகிச்சை என்று சொல்லி, இந்த அட்டையில் இந்தச் சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி (சேர்வதற்கு முன்பே தரும் ஒப்புதல்) யாருக்காவது வாங்கித் தந்திருக்கிறீர்களா, எங்கள் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கேளுங்கள். பதில் சொன்னவரின் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். செயலிகளைவிட நாற்பது பக்க நோட்டுதான் எனக்குக் கைகொடுத்தது. அதைத் திறந்து பெயரைச் சொன்னதும் அடுத்த முறை பேச்சே மாறியது.

ஐந்தாம் படி: முன் அனுமதி

அட்டை, ஆதார், ஓய்வூதியக் கொடுப்பாணைப் புத்தகம், டாக்டரின் கடிதம், எக்ஸ்ரே அறிக்கை ஆகியவற்றை மூன்று செட் நகல் எடுங்கள். அசல் எதையும் கைவிட்டுக் கொடுக்காதீர்கள். அனுமதி வந்த பிறகே சேர்க்கை தேதியை உறுதி செய்யுங்கள். அவசரச் சிகிச்சை என்றால் முதலில் சேருங்கள். ஒருவர் நோயாளியோடு இருக்க, இன்னொருவர் அப்போதே காப்பீட்டு கவுன்டரில் அட்டையைக் காட்டட்டும்.

2022 திட்டத்தில் காப்பீட்டின் உச்சவரம்பான 5 லட்சம் ரூபாய் என்பது ஆண்டுக்கு அன்று, நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து. குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்கு மட்டும் 10 லட்சம் வரை. ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால் மீதி எவ்வளவு என்று முன்பே கேட்டுவிடுங்கள். அனுமதித்த தொகைக்கு மேல் கேட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முத்திரையிட்ட ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு உசிலம்பட்டியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியம் தொடங்கிவிட்டது, அட்டை இன்னும் கணவர் பெயரில் இருக்கிறதாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, எழுத மறந்துவிட்டேன். நோய் வரும்வரை காத்திருக்காதீர்கள். ஓய்வூதியம் பெறும் கருவூலத்தில் இறப்புச் சான்றிதழ், புதிய கொடுப்பாணை ஆகியவற்றின் நகலோடு மனுக் கொடுத்துப் பெயரை மாற்றிவிடுங்கள்.

நெஞ்சுவலியில் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்கு அப்பாவைக் கொண்டுபோய்விட்டோம், பணம் திரும்பக் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். மனுப் போடுங்கள். அரசின் பட்டியலில் மருத்துவமனை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஓய்வு பெற்றவரின் மருத்துவச் செலவை மறுக்க முடியாது என்று சிவகாந்த் ஜா வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மத்திய அரசு ஓய்வூதியரின் வழக்கு. ஆனாலும் மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு பில், அவசரத்துக்கான டாக்டரின் சான்று மூன்றும் இருக்க வேண்டும்.

கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு 2022 திட்டத்தில் ஒரு கண்ணுக்கு 30,000 ரூபாய் வரைதான். விலை கூடிய லென்ஸைத் தேர்ந்தெடுத்தால் மிச்சத்தை நாம்தான் கட்ட வேண்டும். லென்ஸின் விலையைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.