சின்ன ஊர் மர்ம நாவல்ல சாமிய எப்படி கொண்டுவர்றது

அமானுஷ்யம் கலந்த மர்ம நாவல் எழுதணும்னா மொதல்ல பேய யோசிக்காதீங்க, ஊர யோசிங்க. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் அநியாயமா செத்தவங்கள சாமியா கும்பிடுற வழக்கம் இருக்கு, சில எடத்துல கொன்னவங்க குடும்பமே பயந்துபோய் பீடம் போட்டு கும்பிடும். கொலைகாரனே படையல் போடுறான், இதவிட நல்ல துப்பு எங்க கெடைக்கும்?

இப்ப ஒரு புதுப்பொண்ணு கெணத்துல கெடக்குறான்னு வைங்க. கல்யாணமாகி 7 வருஷத்துக்குள்ளங்கறதால ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) விசாரணை வரும். பழைய காலத்து கதைன்னா ஸ்டேஷன்ல சந்தேகச் சாவுக்கு சிஆர்பிசி (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 174வது பிரிவு போடுவாங்க, 2024 ஜூலை 1க்கு அப்புறம்னா அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 194, இத மாத்தி எழுதிடாதீங்க. 2021லருந்து ராத்திரியும் போஸ்ட்மார்ட்டம் பண்ணலாம்னு ஆச்சு, ஆனா சந்தேகச் சாவுன்னா பொதுவா விடியுற வரைக்கும் காத்திருக்கணும், அதனால சாயங்காலம் எடுத்த பாடி ஒரு முழு ராத்திரி ஜிஹெச் மார்ச்சுவரில கெடக்கும், வெளிய ரெண்டு குடும்பமும் மூஞ்சி பாக்காம உக்காந்திருக்கும். அந்த ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் முழுசா குடுங்க.

அப்புறம் துப்பு. பாடில வளையல் இல்ல, போலீஸ் எழுதுன ரிப்போர்ட்லயும் இல்ல. ஆனா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம யாரோ கெணத்து மேட்டுல பச்ச கண்ணாடி வளையல் 12 வச்சிட்டு போறாங்க. அவ கடைசியா என்ன கலர் போட்டிருந்தான்னு கூட இருந்தவனுக்குத்தான தெரியும். அவன் பஸ் ஸ்டாண்டு ஃபேன்சி ஸ்டோர்ல வளையல் வாங்குறத மூணாவது அத்தியாயத்துலயே போற போக்குல சொல்லிடுங்க, அப்பத்தான் வாசகருக்கு நியாயம் பண்ண மாதிரி.

சாமியாடி வாயால கொலைகாரன் பேரு மட்டும் வரவே கூடாது, வந்துட்டா அவ்ளோ நாள் அலைஞ்ச எஸ்ஐக்கு வேலையே இல்ல. கொடையில, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுல, அந்த செத்த பொண்ணோட அருள் வந்து "13 போட்டிருந்தேன், ஒண்ணு எங்கடா?"ன்னு மட்டும் கேக்கட்டும். கெணத்த எறச்சுப் பாத்தா ஒடஞ்ச ஒண்ணு சேத்துல கெடக்கும். அவன புடிச்சது எஸ்ஐ, ஆனா அந்த 13 சாமியாடிக்கு எப்படி தெரிஞ்சுதுங்கறத கடைசி வரைக்கும் விளக்காதீங்க, உங்களுக்கே ஒரு காரணம் தோணினாலும் எழுதாதீங்க.

எழுதுறதுக்கு முன்னாடி ஒரு கொடைக்கு போய் விடிய விடிய உக்காந்துட்டு வாங்க. மேளம் ஏறுறப்ப சாமியாடியவே பாத்துட்டு இருக்காம சுத்தி நிக்கிறவங்கள பாருங்க, யாரு தலய குனியிறா, யாரு மெல்ல பின்னால நகர்றான்னு.